ஞாயிற்றுக்கிழமை நீ அந்தக் குளத்தில் இறங்காதே

என் கண்ணு ஏழுமலைக்கு உன் பெரியம்மா எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாயா என்று நான் கேட்கப்போவதில்லை. இல்லை என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் "சைட்ல கீறேன் பெரிம்மா, அப்பறமா கூப்புட்றேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நான் படித்தது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போகும் வரைக்கும்தான். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தாயார் பத்மாவதியை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

திருச்சானூர்ப் பக்கம் நீங்கள் கட்டி முடித்த வீட்டின் கிருகப்பிரவேசத்துக்கு நானும்தான் வந்திருந்தேன். பசுமாடு உள்ளே வந்தது, பால் பொங்கியது, என் மனசும் பொங்கியது. குவைத்தில் வீட்டு வேலை செய்து உன் அம்மா அனுப்பிய பணமும், உன் அண்ணன், என் மகன் சேகர் லாரி விற்ற பணமும் போட்டு நீங்கள் தொடங்கிய கட்டடக் கம்பெனியால், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவருக்கு இவ்வளவு அழகான வீடு ஆகிவிட்டதே என்று கோவிந்தா கோவிந்தா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கை கன்னத்தை விட்டு இறங்குவதற்குள் பின்பக்கம் சத்தம். நான் ஓடி வந்தபோது சேகர் உன்னைத் தள்ளிவிட்டிருந்தான். நீ வாழையிலைக் கட்டுகளின் மேல் மல்லாந்து கிடந்தாய்.

"டைல்ஸுக்கு வெச்ச துட்டு எங்கடா? உன் பொண்டாட்டி கழுத்துல தொங்குதா?" என்று அவன் கத்தினான். நீ எழுந்த வேகத்தில் சுவரோரம் கிடந்த கொத்துக்கரண்டியை எடுத்தாய். சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்த கரண்டி. அதன் கூர்முனையை அவன் தொண்டைக்குழியில் வைத்தாய். "என் பொண்டாட்டி பேர இழுத்த, நாக்க அறுத்துப் போடுவேன். கம்பிக் கடக்காரன்கிட்ட நீ கமிஷன் வாங்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறியா?" என்றாய். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். அந்த வீட்டுக்கார அம்மா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் புது வீட்டின் புதுத் தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் முதன்முதலில் போடப்பட்டது உங்களுக்குப் பயந்துதான். சேகரின் கழுத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. சமையல்காரர் உன் கையைப் பிடித்து முறுக்கியிருக்காவிட்டால் அது ஒரு சொட்டோடு நின்றிருக்காது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ விளையாட்டுக்கு வைக்கவில்லை.

மறுநாள் நீ சேகருக்குப் போன் போட்டிருக்கிறாய். "ஆம்பளயா இருந்தா ஞாயித்துக்கெழம காணிப்பாக்கம் வா. கொளத்துல முழுக்கு போட்டு ஈரத்துணியோட பிள்ளையார் முன்னால சத்தியம் பண்ணு. நானும் பண்றேன்" என்று சொன்னாயாம். அவனும் சரி என்றானாம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். செலவில்லாமல் தீர்ந்தது என்று சேகரின் மாமனார் சொன்னார். வேலூரில் இருக்கும் உன் அத்தை, தானும் வருவதாகவும் அப்படியே சுவாமி தரிசனம் ஆகும் என்றும் சொன்னாள். எனக்கு மட்டும் சந்தோஷமில்லை. சாமி விஷயத்தில் யார் முந்துவது என்றால் இந்த வீட்டில் நான்தான் முந்துவேன். செவ்வாய் வெள்ளி விரதம் ஒன்றைத் தவறவிட்டதில்லை. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன் கண்ணு, அந்தக் குளத்தில் நீ இறங்காதே. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் நைனாவின் வலது கை எப்படிப் போனது என்று உனக்குப் பாதிதான் தெரியும். அண்ணன் தம்பி சண்டை, உன் பெரியநைனா, என் வீட்டுக்காரர், அடித்தார் என்று கேள்விப்பட்டிருப்பாய். எதற்கு அடித்தார் என்று உன்னிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னால் அதில் நீ வருகிறாய். ஐந்து வயசுப் பிள்ளை தலையில் அதை ஏற்ற வேண்டாம் என்று உன் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டாள். இப்போது நீயே ஒரு பிள்ளைக்குத் தகப்பன். அதோடு கரண்டியும் எடுத்துவிட்டாய். இனிமேல் மறைப்பதில் அர்த்தமில்லை.

அவர்கள் இருவரும் எப்படி இருந்தார்கள் தெரியுமா? ஒரு பீடியை ஆளுக்குப் பாதியாகக் குடித்தவர்கள். அண்ணன் சாப்பிடாமல் தம்பி கை நனைக்க மாட்டான். நமக்கென்று ஒரு கையகல நிலம் இல்லாத குடும்பம். பிறத்தியார் கழனியில் வேலை செய்து, அப்புறம் கொத்து வேலைக்குப் போய், குவைத்துக்குப் போனவர்கள் எல்லாம் திருப்பதியில் மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்த காலத்தில் இவர்களும் மேஸ்திரி ஆனார்கள். கூலிக்குக் கட்டிக்கொண்டிருந்த வரைக்கும் வம்பில்லை. சிமெண்ட், கம்பி, செங்கல் எல்லாம் தாங்களே வாங்கிப்போட்டு வீட்டையே முடித்துச் சாவி கொடுக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள் பார், அன்றைக்குத்தான் சனி பிடித்தது. பெரியவர் நூல் பிடிக்காமல் சுவரை நேராக எழுப்புவார். சின்னவன் பத்தாவது பாஸ், சட்டைப்பையில் பேனா இருக்கும். அதனால் வேலை அண்ணனுக்கு, பணம் தம்பிக்கு. குவைத்திலிருந்து யாரோ கொடுத்த பச்சை பெல்ட் ஒன்று உன் நைனா இடுப்பில் இருக்கும். அதில் ஜிப் வைத்த பை. எல்லா வீட்டுப் பணமும் அந்த ஒரே பையில்தான். தூங்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டான். "கல்யாணத்தன்னைக்கே கழட்டல" என்று உன் அம்மா சிரிப்பாள்.

மூன்று வீடு ஒரே சமயத்தில் எடுத்தார்கள். முதல் வீடு முடிந்து சாவியும் கொடுத்தாயிற்று. இரண்டாவதும் ஒருவாறு முடிந்தது. மூன்றாவது வீடு கூரை போடும் சமயத்தில் பெல்ட்டில் ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்கார அம்மாவின் புருஷன் குவைத்தில் டிரைவர். பேசின பணத்தில் முக்கால்வாசி முன்பணமாகவே கொடுத்துவிட்டிருந்தார். "எங்கடா போச்சி துட்டு?" என்று உன் பெரியநைனா கேட்டார். "தெரியலண்ணா" என்றான் உன் நைனா. அவன் சொன்னது சத்தியமான வார்த்தை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் பணம் வைத்திருப்பவன் தெரியலை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் திருப்பிக் கேட்டான்: "நீ எறக்கன சிமெண்ட்டு மூட்ட எல்லாம் செவுத்துக்குத்தான் போச்சா, இல்ல ராயலசீமா முழுக்கப் போச்சா?" அந்த ஒரு பேச்சில் அண்ணன் முகம் கறுத்துவிட்டது. அவர் தம்பியின் கன்னத்தில் அறைந்தார். தம்பி கையில் இருந்த தண்ணீர்க் குடத்தை அவர் மேல் எறிந்தான். ஊர்ப் பெரியவர்கள் விலக்கிவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? நீ சேகருக்குப் போனில் சொன்னதையே சொன்னார்கள்.

காணிப்பாக்கம் போனோம். நானும் உன் அம்மாவும் கரையில் நின்றோம். இருவரும் முழுகி எழுந்து, சொட்டச் சொட்ட உள்ளே போய், எரிகிற கற்பூரத்தின் முன் நின்றார்கள். "ஒரு ரூபா நான் எடுத்திருந்தா என் குடும்பம் வெளங்காம போவட்டும்" என்றான் உன் நைனா. "ஒரு மூட்ட நான் வித்திருந்தா என் கை வெளங்காம போவட்டும்" என்றார் உன் பெரியநைனா. வெளியே வந்து நால்வரும் ஒரே இடத்தில் இட்லி சாப்பிட்டோம். அண்ணன் தம்பிக்குச் சட்னி தள்ளிவிட்டார். தீர்ந்தது என்றே நினைத்தேன்.

தீரவில்லை. அந்தச் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்தவனுக்குக் கேடு வராமல் போகாது என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அன்றிலிருந்து இரண்டு வீடும் ஒன்றையொன்று வேவு பார்க்க ஆரம்பித்தன. யாருக்கு என்ன ஆகிறது என்று. உன் பெரியநைனா காலில் ஆணி ஏறியது. யாரிடமும் சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு, நொண்டினால் தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்து நேராக நடந்தார். கால் பந்துபோல் வீங்கியது. உங்கள் வீட்டில் கோழிகள் கழிச்சல் வந்து செத்தன. உன் அம்மா அவற்றைக் கோணியில் சுற்றி, துணி துவைக்கப் போகிறவள் மாதிரி ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தாள். சேகர் தும்மினால் நான் அவன் வாயைப் பொத்தினேன். நினைத்துப்பார், தும்முகிற பிள்ளையின் வாயைப் பொத்தினேன். அப்படி இருக்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்தது.

வெறும் காய்ச்சல்தான் கண்ணு. அந்த வருஷம் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது. மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். உன் அம்மாவால் முடியவில்லை. உன்னை வெளியே தூக்கினால் ஊர் பார்க்கும், ஊர் பார்த்தால் உன் நைனா திருடன் என்று ஆகிவிடும். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டுப் பாடுகிற மாதிரி அழுதாள், அழுகை என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று. உனக்கு வலிப்பு வந்து கண் மேலே செருகிய பிறகுதான் புடவையில் சுற்றிக்கொண்டு சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பஸ்ஸில் அவளை நம்மிடம் சித்தாள் வேலை செய்யும் பெண் ஒருத்தி பார்த்தாள். அவள் நேராகத் திருப்பதி சைட்டுக்கு வந்து சொன்னாள்.

நான் அப்போது சோறு எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். உன் நைனா மேலே கூரைப் பலகை அடித்துக்கொண்டிருந்தான். செய்தி கேட்டதும் சுத்தியலைப் போட்டுவிட்டு சாரத்தில் குதித்துக் குதித்து இறங்கினான். கீழே உன் பெரியநைனா. அவர் மெல்ல, ஏதோ பெரிய பாரம் இறங்கியது போல, "காட்டிட்டாரு. பிள்ளையாரு காட்டிட்டாரு" என்றார். மணலில் நட்டிருந்த கடப்பாரையைப் பிடுங்கினார். உன் நைனா அதைப் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் அவனுக்கு. அண்ணன் எதிரே வருவதைப் பார்த்து, தேற்றத்தான் வருகிறார் என்று நினைத்து, வலது கையை நீட்டிக்கொண்டு, "அண்ணா, புள்ளைக்கி..." என்றான். அந்த நீட்டிய கையின் மேல்தான் கடப்பாரை விழுந்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. செங்கல் உடைகிற சத்தம்தான் கேட்டது, அதனால் எனக்கு முதலில் புரியவில்லை. விழுந்தவனை இன்னொரு முறை முதுகில் அடித்தார். "சாமி குடுத்தத துன்னுடா, திருட்டு நாயே" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். ஆட்கள் நாலுபேர் அவர் மேல் விழுந்து அமுக்கினார்கள். நான் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றேன். குழம்பு என் கால்மேல் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது சண்டை இல்லை, வெட்டு குத்து. பாகாலாவிலிருந்து உன் மாமன்கள் ரயிலேறி வந்தார்கள், உருட்டுக்கட்டையும் சைக்கிள் செயினுமாக. உன் பெரியநைனா முன்பற்களை அன்றைக்குத்தான் இழந்தார். வயசாகி விழுந்தது என்று உன்னிடம் சொல்வாரே, அது இதுதான். சென்ட்ரிங் பலகை வைத்திருந்த கொட்டகையைக் கொளுத்தினார்கள். குறுக்கே போன என்னைத் தலைமயிரைப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த சேகர் எல்லாவற்றையும் பார்த்தான். அவன் இன்றைக்குக் கை ஓங்குகிறான் என்றால் எங்கே கற்றான் என்று நினைக்கிறாய்? போலீஸ் ஸ்டேஷனில் ராஜி ஆயிற்று. மூன்றாவது வீடு கூரை இல்லாமல் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. அந்த டிரைவர் மனைவி வந்து நம் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

கை மடங்காத கொத்தனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? உன் நைனா பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனான். யாரோ கட்டும் மாடிக் கட்டடத்துக்கு அடியில் உட்கார்ந்து காவல் காத்து, அங்கேயே மாரடைப்பில் போய்விட்டான். அதற்கப்புறம்தான் உன் அம்மா குவைத்துக்குக் கிளம்பினாள். கிளம்புகிற அன்றைக்கு உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தாள். அவள் அண்ணன்மார் வீட்டில் விடாமல் என்னிடம் ஏன் விட்டாள் என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியாது. "அக்கா, இவன உன்கிட்ட வுட்டுட்டுப் போறேன். உன் ஊட்டுக்காரன் இவன் மேல ஒரு விரல் வெச்சான்னு கேட்டேன், ஏரோப்ளேன்ல இருந்து குதிச்சாவது வருவேன்" என்றாள். அவர் ஒரு விரல் வைத்ததில்லை. உனக்கே தெரியும். சேகரை அடித்த கை உன் பக்கம் வந்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கம்பெனி ஆரம்பித்தபோதே ஒரு கணக்காளரை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அண்ணன் தம்பி நடுவுல கணக்குப்புள்ள எதுக்கு பெரிம்மா?" என்று நீ சிரித்தாய். "மாசா மாசம் வெளியாளுக்குத் தெண்டம் அழணுமா?" என்று சேகர் கேட்டான். அதில் மட்டும் உங்களுக்குள் என்ன ஒற்றுமை! கிருகப்பிரவேசச் சண்டைக்கு மறுநாள் நான் சும்மா இருக்கவில்லை. திருச்சானூர் கோயில் வரிசையில் எனக்குப் பழக்கமான நகரிக்காரம்மா ஒருத்தி உண்டு. தறி போடுகிற குடும்பம். அவள் மகள் வனஜா சி.ஏ. படித்துவிட்டுத் திருப்பதியில் ஆபீஸ் வைத்திருக்கிறாள். போனேன். "கூர்ச்சோண்டம்மா" என்று நாற்காலியைக் காட்டினாள். "தமிழ்லயே பேசும்மா, நீ நகரி, நான் கங்காதர நெல்லூரு. கல்யாணம் ஆச்சா?" என்றேன். "இன்னும் இல்லம்மா." "லெக்க பாக்கற பொண்ணுகிட்ட வரதட்சண கேக்க எவனுக்குத் தைரியம் வரும்" என்றேன். நன்றாகச் சிரிக்கிறாள். உங்கள் சமாசாரம் சொல்ல ஆரம்பித்த நான், என் வாய் சும்மா இருக்குமா, உன் நைனா கதையில் போய் நின்றேன். அவள் சிரிப்பு நின்றது. கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"மூணு வீட்டுக்கும் தனித்தனியா பணம் வெச்சிருந்தாங்களா?"

"எல்லாம் ஒரே பெல்ட்டுலம்மா."

"மொத வீட்டுக்கு ரேட் பேசனது எப்ப?"

"அந்த ஊட்டுக்காரன் குவைத்துல இருந்து லீவுல வந்தப்ப."

"முடிச்சது?"

"அடுத்த லீவுக்கு."

"நடுவுல கம்பி, சிமெண்ட் வெல ஏறிச்சா?"

"ஏறாம? நாளுக்கு ஒரு வெல சொன்னான் கடக்காரன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "யாரும் எடுக்கலம்மா. பழைய ரேட்டுக்கு ஒத்துக்கினு புது வெலைல கட்டியிருக்காங்க. மொத வீடு நஷ்டம், அது ஒரு பள்ளம். அதுல ரெண்டாவது வீட்டு அட்வான்ஸப் போட்டாங்க. ரெண்டாவது பள்ளத்துல மூணாவது வீட்டு அட்வான்ஸ். கடைசி வீட்டுக்கு வந்தப்ப கையில ஒண்ணும் இல்ல. அந்தப் பணம் எங்கயும் போகல. மொத வீட்டுச் செவுத்துலதான் இருக்குது. போய்ப் பாருங்க."

நான் போய்ப் பார்த்தேன் ஏழுமலை. ஷேர் ஆட்டோ பிடித்து, வழி கேட்டுக் கேட்டுப் போனேன். அந்த முதல் வீடு இன்னும் கெட்டியாக நிற்கிறது. நூல் பிடிக்காமல் உன் பெரியநைனா எழுப்பிய சுவர், ஒரு வெடிப்பு இல்லை. யாரோ ஒரு பெண் காம்பவுண்டுச் சுவரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உன் நைனா திருடினான் என்று நாங்கள் சொன்ன பணத்தின் மேல் அவள் குழந்தையின் சட்டை காய்ந்தது. நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். "ஏம் காவாலம்மா?" என்று கேட்டாள், என்ன வேண்டும் என்று. தண்ணீர் வேண்டும் என்றேன். கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் பெரியநைனாவுக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னேன், உங்கள் தம்பி திருடவில்லை என்று. எப்படி என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் தட்டோடு தூக்கி என் முகத்தில் அடித்தார். புருவத்துக்கு மேலே கிழிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று உன் மனைவியிடம் போனில் சொன்னேனே, அது பொய். தையல் போட்டிருக்கிறது. நீ இதற்காக இங்கே வந்து அவரோடு மல்லுக்கு நிற்காதே. அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். நான் புடவைத் தலைப்பால் நெற்றியை அழுத்திக்கொண்டு அசையாமல் இருந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, சிதறின சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தட்டில் போட ஆரம்பித்தார். பொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அப்போ நான் எதுக்கு அவன அடிச்சேன்?" என்று கேட்டார். திரும்பவும் கேட்டார். இந்தக் கடிதம் எழுதும்போதும் உள்ளே கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். சாப்பிடுவதில்லை.

பிள்ளையார் தப்புச் செய்தார் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், நாக்கு அழுகிவிடும். இரண்டு பேரும் உண்மைதான் சொன்னார்கள், அவரும் இரண்டு பேரையும் விட்டுவிட்டார். நாம்தான் கம்பி விலையையும் சிமெண்ட் விலையையும் அவர் தலையில் கொண்டுபோய் வைத்தோம். அவர் பொய்யைப் பார்ப்பவர், கூட்டல் கழித்தல் போட்டுக் கொடுப்பவர் அல்ல. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நம்மால் தாங்க முடியவில்லை. ஒரு பிள்ளையின் காய்ச்சலைப் பதில் என்று எடுத்துக்கொண்டோம்.

நீ புது வீட்டு அட்வான்ஸ் வாங்கித்தான் பழைய வீட்டு டைல்ஸ் போட்டாய் என்று சேகர் மாமனார் வாயாலேயே கேட்டேன். பெல்ட் இல்லை, பேங்க் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வனஜா சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கணக்கு இருக்க வேண்டுமாம். ஒரு வீட்டுக்காரர் கொடுத்த பணம் அந்த வீட்டைத் தாண்டக்கூடாது. விலை ஏறினால் அது யார் தலையில் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாதம் ஒருமுறை நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்க வேண்டும், தனித்தனியாக வந்தால் சொல்ல மாட்டாளாம். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. உன் மச்சான் பி.காம். படித்திருக்கிறான், அவனையே உட்கார வைக்கலாம் என்று நீ யோசிக்கிறாய், தெரியும். வேண்டாம். அவன் ஒரு தொகை சொன்னால் சேகர் காதில் அது உன் குரலாகத்தான் விழும். சேகர் பக்கத்து ஆள் என்றால் உன் காதுக்கும் அப்படித்தான். நம் வீட்டு ஆண்கள் ஒருவர் சொல்வது பிடிக்கவில்லை என்றால் கையில் கிடைத்ததை எடுப்பவர்கள். அதனால் நமக்கு வேண்டியது நம்மால் அடிக்க முடியாத ஒரு ஆள். ஆபீஸ் வைத்து, போர்டு மாட்டி, வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, உனக்கும் சேகருக்கும் ஒரே முகத்தைக் காட்டுகிற ஆள். அவளுக்குக் கொடுப்பதைத் தெண்டம் என்று சொல்லாதே. உன் நைனாவின் கையை நினைத்துக்கொண்டு கொடு. திங்கட்கிழமை காலையில் இருவரும் வருவீர்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காணிப்பாக்கத்துக்கு நானும் வருவேன். அபிஷேகத்துக்குப் பால் வாங்கித் தருகிறேன், தேங்காய் உடையுங்கள், விழுந்து கும்பிடுங்கள். குளத்தில் மட்டும் இறங்கக் கூடாது. மீறி இறங்கினால் உங்களுக்கு முன்னால் நான் இறங்குவேன், நீச்சல் தெரியாத கிழவி. இறங்கி நானே சத்தியம் செய்வேன், என் இரண்டு பிள்ளைகளும் திருடர்கள் இல்லை என்று. அதற்கு எனக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை.

இன்னும் ஒன்று. பாப்பாவுக்கு நேற்றிலிருந்து இருமல் என்று உன் மனைவி சொன்னாள். கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல். குறையவில்லை என்றால் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ, பட்டப்பகலில், தெருவே பார்க்கிற மாதிரி, சேகர் வீட்டு வாசல் வழியாகவே போ. மழையில் நனைந்தாள், சளி பிடித்தது. இன்றைக்கு அது வெறும் இருமல். நீங்கள் சத்தியம் செய்துவிட்டு வந்த பிறகு இருமினால் அது வேறு என்னவாகவோ ஆகிவிடும். உன் மனைவி கதவைச் சாத்துவாள்.

சேகரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீயே போன் போட்டுச் சொல், பாப்பாவுக்குச் சளி என்று.